மூன்று தட்டு

யாட் என்ற அந்தப் பாய்மர உல்லாசப் படகு ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் நன்றாகவே அடித்தது. பண்டகசாலைகளின் தகரக் கூரைகள் மின்னின. கரையில் வலை உலர்த்துகிறவர்கள் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறு கையால் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கரையிலிருந்து யாராவது படம் எடுத்தாலும் எடுப்பார்கள்.

"ஏ டிகிரி! காபி எங்க?"

டிகிரி என்பது படகில் எடுபிடி வேலை பார்த்த அவளுக்கு அவர் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "பட்டம் வாங்கிட்டு என் படகுல பாத்திரம் தேய்க்கிறியா? பேஷ்!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். தேய்ப்பதற்காக அவள் வரவில்லை.

போன வருஷம் இதே ஆற்றில், இதே படகில் வேலை பார்க்கும்போதுதான் அவளுடைய அண்ணன் செத்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று சொல்லி, ஆணியடித்த பெட்டி ஒன்றை வீட்டு வாசலில் இறக்கினார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். அம்மா பெட்டியின் மேலேயே படுத்துக் கதறினாள். சாராய வாடை அடித்தாலே மூக்கைப் பொத்துகிறவன் குடித்தானாம்! நடந்தது என்ன என்று இந்த ஆளின் வாயாலேயே கேட்க வேண்டும். கேட்டு, அந்த வாயை அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவள் வந்தது அதற்குத்தான்.

படகுத்துறை கூப்பிடு தூரத்தில் இருந்தபோது மூடுபனி வந்தது. கடலிலிருந்து வரவில்லை, ஆற்று நீரிலிருந்தே எழுந்தது. வெயில் அணைந்தது. கரைப் பேச்சு பாதியில் அறுந்தது. சேறும் டீசலும் கலந்த வாடைக்குள் இன்னொரு வாடை இருந்தது. கறிக்கடையின் வெட்டுக்கட்டை வாடை.

இஞ்சின் இருமி நின்றது.

"படகுக்கு அடியில, விசிறியில கயிறு சுத்திக்கிச்சு," என்றார் இஞ்சின்காரர். நரைத்த மீசை, படகை விட்டால் வேறு வீடு இல்லாத மனிதர். பின்பக்கம் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"என்ன மாமா?" அவள் பக்கத்தில் போனாள்.

"நீலக் கயிறு," என்று கிசுகிசுத்தார். "நம்ம கயிறும்மா. போன வருஷம் அந்தப் பையன் இடுப்புல கட்டிக்கிட்டு இறங்கினது."

டொக்.

படகின் வயிற்றில், அடியிலிருந்து, ஒரே ஒரு தட்டு.

விசிறியைச் சுத்தம் செய்ய நீருக்குள் இறங்குகிறவன் இஞ்சின் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான். மேலே இருப்பவனுக்கு எவ்வளவு அவசரம் வந்தாலும் இஞ்சின் ஓடக் கூடாது என்பதற்காக. அடியிலிருந்து ஒரு தட்டு என்றால், பொறு. மூன்று தட்டு என்றால், வேலை முடிந்தது, மேலே வருகிறேன். அண்ணன் இந்தப் பழக்கத்தை வீட்டுக் குளியலறைக்கும் கொண்டுவந்திருந்தான். காலேஜுக்கு நேரமாச்சு என்று அவள் வெளியே நின்று கத்தினால், உள்ளேயிருந்து கதவில் ஒரு தட்டு. பொறுடி எருமை என்று அர்த்தம்.

நங்கூரத்தை இறக்கினார்கள். சேற்றில் பிடி கிடைக்காமல் இழுபட்டது. காற்று செத்துப் பாய் தொங்கியது. கடலுக்கு வடியும் நீர் படகைக் கரையோரக் கருங்கல் தடுப்பை நோக்கி இழுத்தது.

"யாராவது இறங்குங்க!" என்று முதலாளி கத்தினார்.

"நான் மாட்டேன். இந்த இடத்துல மாட்டேன்," என்றார் இஞ்சின்காரர்.

"அப்ப நீ இறங்கு டிகிரி. மீன் மாதிரி நீந்துறியே."

"இறங்குறேன். ரெண்டு சாவியையும் குடுங்க."

முதலாளியின் கை சுக்கானில் அப்படியே நின்றது. "ரெண்டா? இருக்கிறது ஒண்ணுதான்."

"டிராயர்ல இன்னொண்ணு இருக்குன்னு எங்க அண்ணன் போன்ல சொன்னான். தண்ணிக்குப் பயமில்லடி, அந்த டிராயருக்குத்தான் பயம்னான்."

"யாருடி நீ?"

"நீங்க கொன்னவனோட தங்கச்சி."

அறை விழுந்தது. உதடு கிழிந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையைப் படகின் விளிம்பில் மோதினார். "லேட் பண்ணான்டி அவன்! இதே மாதிரிதான் கல்லு கிட்ட வந்துச்சு. படகு உடையட்டும்னு வேடிக்கை பார்க்கவா? சாவியைத் திருப்பினேன், ஆமா, திருப்பினேன்! அவன் தட்டினா என்ன, தட்டலைன்னா என்ன?"

டொக்.

இந்த முறை மூன்று பேருமே குனிந்து தரைப்பலகையைப் பார்த்தார்கள்.

இஞ்சின்காரர் கொக்கிக் கம்பை எடுத்தார். அதன் இரும்பு நுனி முதலாளியின் கழுத்துச் சதையில் பதிந்தது. ரத்தம் பொட்டாகத் துளிர்த்தது. "விடுய்யா அவளை. இன்னைக்கு நீ இறங்கு." அந்த வாய் அதுவரை ஐயா என்று மட்டுமே சொல்லிப் பழகியிருந்தது.

பின்னால் கல்லில் நீர் அறையும் சத்தம் நெருங்கியது. முதலாளி சட்டையைக் கழற்றி வீசினார். சாவியைக் கழுத்தில் மாட்டினார். கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பின்பக்கக் கயிற்றேணியில் இறங்கிப் பழுப்பு நீருக்குள் மறைந்தார்.

அவள் டிராயரை இழுத்தாள். இரண்டாவது சாவி அங்கேயே கிடந்தது.

"வேண்டாம்மா."

அவள் சாவியைத் துளையில் நுழைத்தாள். ஒரு திருப்பு போதும். கை நடுங்கவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அடியில் அண்ணன் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கை இப்படித்தான், நடுங்காமல், இந்த இடத்தில் இருந்திருக்கும். ச்சீ என்று வந்தது. உருவினாள். ஆற்றில் வீசி எறிந்தாள்.

"வரட்டும் மாமா. எங்க அம்மா முன்னாடி வந்து சொல்லட்டும்."

இஞ்சின் உறுமியது.

சாவித்துளை காலியாக இருந்தது.

விசிறி எதையோ கடித்தது. திணறியது. மறுபடி கடித்தது. எலும்பு நொறுங்குவது தரைப்பலகை வழியாக அவள் உள்ளங்கால்வரை ஏறியது. நீர் கொதித்துச் சிவந்தது. அந்தச் சிவப்பிலிருந்து ஒரு கை மேலே வந்து ஏணியின் படியைப் பற்றியது.

முழங்கைக்கு அப்பால் அதில் ஒன்றும் இல்லை.

"நிறுத்துங்க மாமா!"

அவர் நிறுத்தும் பொத்தானைக் குத்தினார். ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கினார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. படகைக் கற்களிலிருந்து விலக்கி, நடு ஆற்றுக்குக் கொண்டுபோய், பிறகு தானாக நின்றது. நங்கூரம் இப்போது பிடித்துக்கொண்டது.

பனி விலகியது. வெயில் வந்தது. கரைப் பேச்சு அறுந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது. யாரோ சிரித்தார்கள்.

டொக்.

டொக்.

டொக்.

"முதலாளியா?" இஞ்சின்காரர் கொக்கிக் கம்பை மறுபடி எடுத்தார்.

அவள் ஏணியைப் பார்த்தாள். கை இன்னும் படியைப் பற்றியபடியே இருந்தது. அவள் பார்க்கும்போதே அதன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. வழியில் கிடப்பதை ஒதுக்குவதுபோல. கை நீரில் விழுந்து அமிழ்ந்தது.

"அண்ணா?"

ஏணிக் கயிறு விறைத்தது. கடைசிப் படி, ஆள் பாரம் ஏறியதுபோல, தாழ்ந்தது.

அடுத்த படியும்.