பூச்சியம் வாங்கத் தெரியாத பெண்

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்புக் குமிழியில் ஒரு மனித ஆசிரியரின் ஒரு மணி நேரக் கவனத்துக்கு விலை நாற்பது லிட்டர் தண்ணீர். பேரம் கிடையாது. வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் போதனைப்பொறி. தப்பைத் திருத்த அதற்குத் தெரியும். பிள்ளை ஏன் திருதிருவென்று விழிக்கிறது என்பது மட்டும் புரியாது.

காற்றுவடிகட்டிக் கடை செல்வக்கனியின் மகள் தங்கபுஷ்பம் பின்னக் கணக்கைக் கண்டாலே விழித்தாள். இந்த ஆண்டும் தவறினால் பள்ளியை விட்டு நிறுத்திப் பாசித்தொட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் சீர்திருத்தம் வந்தது. புதிய தேர்வில் நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஆகக் குறைவாக வாங்கும் இருபது பேருக்கு மனித ஆசிரியர் இலவசம்.

"எம்மவளுக்குன்னே போட்ட திட்டம்லா!" என்று பூரித்துப்போனார் செல்வக்கனி.

மறுவாரமே எதிர்க்கடையில் ஞானதுரை பலகை மாட்டினான்: 'தோல்விப் பயிற்சி நிலையம். பூச்சியம் உறுதி.' முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளெல்லாம் பெற்றோர் கையைப் பிடித்தபடி வாசலில் வரிசையாக நின்றார்கள்.

செல்வக்கனி மகளோடு உள்ளே போனார். "ஏ தொரை, தோக்கதுக்குமா டியூஷன்? இவளுக்கு அது தானா வரும்."

"எதுக்கும் சோதிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி."

திருத்திய தாளைப் பார்த்து ஞானதுரை உதட்டைப் பிதுக்கினான். "ஒம்போது சரி. தேறாது."

"குருட்டாம்போக்குல போட்டிருக்காப்பா!"

"அதான் சிக்கலே. சரியான விடை தெரிஞ்சாத்தான அத விட்டுட்டு மத்தத அடிக்க முடியும்? பின்னத்தப் படிச்சுட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் தோக்கச் சொல்லித் தாரேன்."

"வெறுந்தாளா குடுத்துட்டா?"

"செல்லாதுன்னு தள்ளிருவாக."

தேர்வில் புஷ்பம் எட்டு வாங்கினாள். இருபது பேர் பூச்சியம். பள்ளியின் பொறி செய்தி அனுப்பியது: 'வாழ்த்துகள்! உங்கள் மகள் இருபது பேரை முந்தியிருக்கிறாள். அவளுக்கு ஆசிரியர் தேவையில்லை.'

இலவச வகுப்பு தொடங்கிய ஒரே வாரத்தில் அந்த இருபது பேரும் நாற்பதுக்கு நாற்பது வாங்கினார்கள். குமிழியே கை தட்டியது. ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சீர்திருத்தத்தை மற்றக் குமிழிகளுக்கும் கொண்டுபோக முடிவாயிற்று.

விழாக் கூட்டத்தில் புஷ்பம் அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, நான் பாஸாப்பா, பெயிலாப்பா?"

செல்வக்கனி மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். இடம் இருபது. சேர்ந்தவர் இருபது. தேறியவர் இருபது. கணக்கு நேராகத்தான் இருந்தது. புஷ்பத்தை எழுதத்தான் எந்தப் பக்கத்திலும் வரி இல்லை.