நாற்காலிக்குப் பின்னால் எண்ணெய்க் கறை

திங்கட்கிழமை காலை பத்து மணி. கல்லூரியின் பழைய அலுவலகக் கட்டடத்தில், சான்றிதழ்ப் பிரிவின் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. ஈரத்தில் உப்பிப்போன மரம். உள்ளே, நனைந்த காகிதம், எலிப்புழுக்கை, அடைத்துக்கொண்ட கழிப்பறை எல்லாம் சேர்ந்த நாற்றம். பதினெட்டு வருடம் நூலகத்தில் நிம்மதியாகக் குப்பை கொட்டியவளை இங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். என் நேரம்.

பியூன் அண்ணன் என் இருக்கையைக் காட்டினார். நாற்காலிக்குப் பின்னால், சுவரில், தலை உயரத்தில் ஒரு வட்டக் கறை. வருடக்கணக்காக ஒரு தலை சாய்ந்து சாய்ந்து ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு. அதில் இரண்டு நரைமுடி ஒட்டியிருந்தது.

"சீ, யாரோட தலைண்ணே இது?"

"முன்னாடி இந்த சீட்டுல இருந்த அம்மாவோடது."

"ரிட்டயர் ஆயிட்டாங்களா?"

அவர் மேலே பார்த்தார். கூரையில் ஒரு கதவு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளித்தன.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு, சாஞ்சு கண்ணை மூடினாங்க. காரை அப்படியே தலையில விழுந்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குக் காலையிலதான் ரூம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அதைக் காட்டியே எல்லாரும் தப்பிச்சுட்டாங்க மேடம்."

அந்தக் கையெழுத்து இங்கே ஒரு வழக்கம். ஆண்டு ஆய்வுக்கு முன்னால், 'அறை பாதுகாப்பாக உள்ளது' என்ற தாளில் அங்கே உட்கார்கிறவரே கையெழுத்திட வேண்டும். பொறியாளர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வருட ஆய்வு வெள்ளிக்கிழமை.

சோப்புத் தூளைப் போட்டுச் சுவரைத் தேய்த்தேன். பழுப்பு நுரை முழங்கை வரை வழிந்தது. தேய்த்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது கறை இருந்தது.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளருக்கு 'ஆகட்டும் சார்' என்று பெயர். அவரிடம் போனேன். "சார், காரை கொட்டுது. சுவிட்சைத் தொட்டா ஷாக் அடிக்குது."

"ஆகட்டும், பாக்கலாம்மா."

பார்த்த லட்சணம், புதன்கிழமை ஒருவர் வந்து கூரைத் துருவுக்கும் சுவர்க் கறைக்கும் சேர்த்து வெள்ளை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வெள்ளைக்கு மேலே பிசுபிசுவென்று அதே வட்டம். அறை முழுவதும் தலையெண்ணெய் வாசனை. அதற்குள் லேசாக அழுகல்.

அன்று மத்தியானம் ஆகட்டும் சார் தாளோடு வந்தார். உள்ளே வரவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றே நீட்டினார். "போட்டுக் குடுத்துடுங்கம்மா. திங்கக்கிழமையிலேருந்து உங்களுக்குப் புது பிளாக்ல சீட்."

"இங்க யாரு சார் உக்காருவாங்க?"

"வேற ஒரு பொண்ணு வருது. உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

பேனாவை எடுத்தேன்.

பின்னால் சரக், சரக் என்று சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. கறை மட்டும் இருந்தது. ஆனால் அது இப்போது வட்டமாக இல்லை. இடமும் வலமுமாக இழுபட்டிருந்தது. சுவரில் சாய்ந்த தலை ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டியதைப் போல.

என் பிடரியில் ஈரம் பட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த அறையில் இன்னொரு வாரம் என்னால் முடியாது. அதுதான் என் நியாயம். அந்த நியாயமும் நாறத்தான் செய்தது.

சத்தம் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை சாவி வாங்க வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கருகருவென்ற பின்னல். "ரூம் எப்படிக்கா இருக்கும்?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"பழகிடும்மா."

இதைச் சொன்ன வாயை எதைப் போட்டுக் கழுவுவது?

புது பிளாக்கில் ஜன்னல் இருந்தது, காற்று வந்தது, சுவர் பளிச்சென்று இருந்தது. நான் மட்டும் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பியூன் அண்ணன் வந்து நின்றார். தலையிலும் சட்டையிலும் காரைத்தூள்.

"அந்தப் பொண்ணு போயிடுச்சு மேடம்," என்றார். "சார் பீரோவுல உங்க தாளைத் தேடிட்டு இருக்காரு."

அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிருந்தது.

தலையெண்ணெய் வாசனை வந்தது.

மெதுவாகத் திரும்பினேன். நான் ஒருமுறைகூடச் சாயாத அந்தப் புதுச் சுவரில், தலை உயரத்தில், இரண்டு கறைகள். ஒன்றில் நரைமுடி. இன்னொன்று இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. அதில் நீளமான கருமுடி ஒட்டியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே, ஒரு தலை சாய்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.