ஆள் இரண்டு

‘ஆள் 2’ என்று கணினித் திரையின் கன்சோலில் ஒரு வரி கிடந்தது. அது எண்ணிய அறைக்குள் படுத்திருந்ததோ ஒரே ஒரு ஆள்தான். பெயர் துவிஷா. வயது பதினாறு மாதம்.

தக்சிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்று நாளாகப் பிள்ளைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். மூன்று நாளாக அவளுக்கு நித்திரை இல்லை. கொழும்புக்குப் போன கணவன் அனோஜன் வெள்ளிக்கிழமைதான் வருவான். வெளியே சோளகக் காற்று முருங்கன் வயல்களின் புழுதியை அள்ளிவந்து யன்னல் கண்ணாடிகளில் நறநறவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. எல்லா யன்னல்களும் பூட்டு. பிற்பகல் வெக்கை கூரையிலிருந்து இறங்கி, சாப்பிட்டுக் கழுவாத கோப்பையின் குழம்பு வாசத்தோடு சேர்ந்து, மேசையைச் சுற்றி அசையாமல் நின்றது.

அவள் வேலை பார்க்கும் மன்னார் கம்பனியில் நாலே பேர். பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்காக ஒரு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளை படுக்கும் அறையில் ஒரு பழைய போனை வைத்துவிட்டால், எங்கிருந்தும் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் பார்க்கலாம். அறையில் எத்தனை முகம் தெரிகிறது என்று பக்கமே வினாடிக்கு ஒரு தடவை எண்ணும். பரிசோதனைக்குத் துவிஷாவின் அறை. அலுமாரிக்கு மேல் அந்தப் பழைய போன்.

நிரல் எழுதுகிறவர்கள், எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அறிய, உலாவியின் கன்சோல் என்ற மறைவான பகுதியில் சின்னச் சின்னக் குறிப்பு வரிகளை விழவிடுவார்கள். பக்கத்தைப் பாவிக்கிறவர் கண்ணில் அவை படாது. இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே தங்களுடையது பளிச்சென்று தெரிய இந்த நாலு பேரும் அவற்றைத் தமிழில் எழுதுவார்கள். இன்னொரு பழக்கமும் இருந்தது. ஏதாவது எச்சரிக்கை வரி ஓயாமல் மஞ்சளில் வந்து தொல்லைப்படுத்தினால், காரணம் தேட நேரமில்லாதபோது, அதை ‘டீபக்’ நிலைக்கு இறக்கிவிடுவார்கள். அந்த நிலையில் உள்ள வரிகளை, கேட்டாலொழிய, உலாவி காட்டாது.

செவ்வாய்க்கிழமை தக்சிகாவும் அதைத்தான் செய்திருந்தாள். ‘ஆள் 2’ மஞ்சளில் வந்துகொண்டே இருந்தது. சுவரிலிருந்த முருகன் கலண்டரைக் கழற்றினாள். பொம்மைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். நிற்கவில்லை. பிள்ளை வேறு அழுதது. வரியைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து போனாள். அதோடு மறந்தும் போனாள்.

இன்று டீபக் வரிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, நாலு மணிக்குப் பக்கத்தை ஒப்படைக்கவேண்டும். அதற்காக மறைந்திருந்ததைத் திறந்தபோதுதான் இது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் உலாவி அதை ஒன்றாக அடுக்கி, எத்தனை தரம் வந்தது என்று பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தில் காட்டும். வட்டத்துக்குள் 7,204. பிறகு 7,205. பிறகு 7,206.

வினாடிக்கு ஒன்று. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்து இரண்டு மணித்தியாலம்.

கைபேசி அதிர்ந்தது. மன்னாரிலிருந்து நிப்ராஸ், நாலு பேருக்கும் தலைவர். அவளுக்கு ‘நானா’, அண்ணன் முறை.

“தங்கச்சி, உயிரோட இருக்கிறீங்களா?”

“இருக்கிறன் நானா. அரை உயிர்.”

“அந்த அரையை நாலு மணி மட்டும் பிடிச்சு வச்சிருங்கோ. டீபக் லைன் ஒண்டும் மிஞ்சக் கூடாது. போன தடவை அந்தப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து மனுசி கன்சோலைத் திறந்து, ‘எருமை மாடே, ஏன் ஓடேல்ல’ எண்டு கிடந்ததை வாசிச்சுப்போட்டா.”

“அது நீங்கள் எழுதினது.”

“ஓம், நான் என்னைத்தான் ஏசினனான். அவ நம்பேல்லயே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய்தான் திறக்கவில்லை. “நானா, முகம் எண்ணுறது இப்பவும் ரெண்டு காட்டுது.”

“தலையணைச் சுருக்கத்தையும் முகம் எண்டு சொல்லுற சாமான் அது. லைனை அழிச்சுவிடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.”

வைத்துவிட்டார். தக்சிகா எழுந்து போய் அறைக் கதவைத் தள்ளினாள்.

நுளம்பு வலைக்குள் துவிஷா மல்லாந்து கிடந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. சளி என்பதால் மின்விசிறி போடவில்லை. யன்னல் திரை தொங்கியபடி தொங்கியது. அறையில் காய்ச்சல் மருந்துப் பாணியின் இனிப்பு வாசம். அதற்கு அடியில், நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த பாசி வாசம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது, பிள்ளையின் நெற்றியில் விழுந்திருந்த முடிக்கற்றை மெல்ல ஒருபக்கம் விலகி, காதுக்குப் பின்னால் போய்ப் படிந்தது.

காற்று என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் இலகுவாக இருந்தது.

மேசைக்குத் திரும்பினாள். அறைக்குள் அவள் நின்ற நேரத்துக்கு ‘ஆள் 3’ என்று விழுந்திருந்தது. சரியாகத்தான் எண்ணுகிறது. பழக்கப்பட்ட விரல்கள் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தன: இரண்டாவது முகம் பிள்ளையின் முகத்திலிருந்து எத்தனை படப்புள்ளி தள்ளியிருக்கிறது?

தூரம் 410.

மேலே, போன் காட்டும் படத்தில் வலையும் பிள்ளையும் மட்டும். கட்டிலின் கால்மாட்டில் வெறும் சுவர்.

தூரம் 410. தூரம் 396. தூரம் 371.

எழும்பவேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு கால்வரை போய்ச் சேரவில்லை. மூன்று நாள் களைப்பு முழங்கால்களில் ஈரச் சாக்கு மாதிரிக் கிடந்தது. இது பிழையான கணக்கு. தலையணைச் சுருக்கம். இப்போது எழும்பினால் பிள்ளையும் எழும்பும், பிறகு நாலு மணி இல்லை, வேலையும் இல்லை.

தூரம் 240. தூரம் 118. தூரம் 40.

தூரம் 6.

அதன் பிறகு புதிய வரி வரவில்லை. பக்கத்தில் அந்தச் சின்ன வட்டம் முளைத்தது. 2. 3. 4. அசையாமல் நிற்கிறது. 9. 10. பிள்ளையின் முகத்துக்கு நேராக.

கைபேசியில் நிப்ராஸின் குறுஞ்செய்தி: ‘4 ஆகுது. அனுப்புங்கோ.’

விரல் தானாகவே போய் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியது. செவ்வாய்க்கிழமை மாதிரியே. டீபக் வரிகள் எல்லாம் கழன்று, பக்கம் புதிதாகத் திறந்தது. கன்சோல் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி.

அறைக்குள் துவிஷா சிரித்தாள்.

யாரோ கிச்சுக்கிச்சு மூட்டும்போது சிரிக்கிற சிரிப்பு.

கால்களுக்கு உயிர் வந்தது. கதிரை விழுந்தது. வலை கிழிந்தது. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் முற்றம் தாண்டி, வேலிப் படலை தாண்டி, தெரு ஒழுங்கையில் வந்து நின்றாள். வெயில். புழுதி. பிரதான வீதியில் மன்னார் பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிள்ளையின் சூடு கழுத்தில் பட்டது. முழுப்பாரமும் தோளில் இருந்தது. கையோடு வந்த கைபேசியில் நிப்ராஸை அழைத்தாள்.

“நானா, அந்த எண்ணுற லைனைத் திரும்பப் போடுங்கோ. இப்பவே.”

“என்ன தங்கச்சி, இப்பதானே அனுப்பினீங்க? நான் திறந்துதான் வச்சிருக்கிறன். கன்சோல் பளிங்கு மாதிரிக் கிடக்குது.”

“அறைக்குள்ள ஆரும் இருக்கினமா? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“வெறும் கட்டில். வலை கிழிஞ்சு தொங்குது. என்ன நடந்தது?”

“எண்ணிக்கை, நானா. ஒண்டா, இல்லாட்டிப் பூச்சியமா?”

“அதை எப்பிடிப் பார்க்கிறது? அழிச்சுப்போட்டீங்களே.”

அது உள்ளேயே நின்றுவிட்டதா? அது ஒன்றுதான் தெரியவேண்டும். அதைச் சொல்லக்கூடிய வரி இனி இல்லை.

துவிஷா மறுபடி சிரித்தாள்.

தோளுக்கு மேலால், அவளுக்குப் பின்னால் பார்த்து. பார்வை மேலே போனது. இன்னும் மேலே. இரண்டு கைகளையும் அந்தப் பக்கம் நீட்டினாள். தூக்கச் சொல்லும்போது மட்டும்தான் பிள்ளை அப்படி நீட்டும்.

புழுதிக்குள் பாசி வாசம்.

தக்சிகா இறுக்கினாள். முழுப் பலத்தோடு இறுக்கினாள். தோளில் பாரம் குறைந்துகொண்டு வந்தது. கன்னத்துக்கு அருகே பிள்ளையின் அக்குள். மஞ்சள் சட்டைத் துணி. அந்தத் துணி அக்குளுக்குக் கீழே மெல்ல உள்ளே பதிந்தது.

ஒரு விரல் அகலத்துக்கு. பிறகு இரண்டு. மூன்று. நாலு.