துண்டில் சுற்றி இருபது நிமிடம்

இரைச்சல் நின்றிருந்தது, ஆனால் பிள்ளை அழவில்லை. தூக்கம் கலைந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதலில் உறைத்தது இந்தக் கணக்கு எங்கோ உதைக்கிறது என்பதுதான். இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஒரே சட்டம்: டிவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் பெட்டிக்குள் ஃபேன் ஓடும்வரை பாப்பா தூங்குவாள், அது நின்ற நொடியில் வீல் என்று கத்துவாள். தாலாட்டு எடுபடவில்லை. ஃபேன் சத்தத்தைப் போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள்; அந்தப் பொடிசு ஏமாறவில்லை. மகாராணிக்கு அசல்தான் வேண்டியிருந்தது.

பெட்டியோ கொஞ்ச நாளாகப் பத்து நிமிடத்தில் கொதித்துப்போய்த் தானாக அணைந்துகொண்டிருந்தது. அவன் ஏதோ ஒரு வீடியோவில் வைத்தியம் கண்டுபிடித்தான். பெட்டியைத் துண்டுகளால் இறுகச் சுற்றி, காற்றுப் போகும் ஓட்டைகளையும் மூடி, இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். உள்ளே சூடேறி, சர்க்யூட் போர்டில் விட்டுப்போன ஈயப் பற்று இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம்.

"காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போத்தற மாதிரில்ல இருக்கு," என்றாள் நர்ஸ் மனைவி, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "ஒரு டேபிள் ஃபேன் வாங்கித் தொலைங்களேன்."

"போன வாரம் ரெண்டு தடவை வேலை செஞ்சுதுல்ல? லிஃப்டையே ஏத்தி இறக்கறவன்கிட்ட சொல்ற. நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்."

மோட்டார் சூடாகி நின்றால், காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். சொந்த வீட்டில் மட்டும் வாத்தியாருக்கு விடுமுறை. மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாப்பாவைத் துண்டில் சுற்றித் தரையிலிருந்த மெத்தையில் கிடத்தினான். அதே செட்டில் மிச்சமிருந்த மூன்று துண்டுகளையும் பெட்டிக்குச் சுற்றி மெத்தையை ஒட்டி வைத்தான். சத்தம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். செங்கல் பருமனில் இருந்த அடாப்டர் காலில் இடறாமலிருக்க, அதைச் சோபா மெத்தைக்கு அடியில் திணித்தான். இரவு வேலை பார்த்த அசதி. இருபது நிமிடந்தானே என்று வாசல் பக்கச் சுவரோரம் தலையைச் சாய்த்தான்.

இப்போது கண் திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. திரை போட்ட அறையில் எப்போதும் கசியும் பழுப்பு வெளிச்சம்கூட இல்லை. பிளாஸ்டிக்கும் பஞ்சும் சேர்ந்து கருகும் வாடையோடு நாக்கில் கசக்கும் அடர்ந்த சாம்பல் நிறம்தான் எங்கும். சோபா இருந்த பக்கத்திலிருந்து ஏதோ சடசடவென்று பொரியும் சத்தம்.

"பாப்பா!"

குரல் வரவில்லை. இருமல் வந்தது. தரையோடு தரையாகத் தவழ்ந்தான். மெத்தை விளிம்பு. தலையணை. வெறும் விரிப்பு. எங்கே அவள்? கை துழாவியது. துண்டு. பாப்பாவின் துண்டு. சூடு. உயிர்ச்சூடு.

வாரி அணைத்தான். ஏதோ பின்னுக்கு இழுத்தது. விரிப்பு சிக்கியிருக்கும். வெடுக்கென்று இழுத்தான். வந்துவிட்டது.

கதவு. தாழ்ப்பாள். படி. மூன்று மாடிப் படி.

"ஒண்ணுமில்லடா தங்கம். அப்பா இருக்கேன். அப்பா இருக்கேன்டா."

தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேலே அவன் வீட்டு ஜன்னல் வெடித்து நெருப்பு வெளியே வந்தது. படியேறப் போன இரண்டு பேர் இருமிக்கொண்டே திரும்பி வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"குடுங்க தம்பி, மூச்சு இருக்கான்னு பாக்கறேன்."

அவன் கொடுக்கவில்லை. கூரான ஒரு முனை நெஞ்சில் குத்துவது இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே தெரிந்திருந்தது. முழங்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா துண்டை விலக்கினாள். இளகி வளைந்த கறுப்பு பிளாஸ்டிக். பிய்ந்து தொங்கும் ஒயர்.

"ஐயோ..."

அவன் துண்டை இழுத்து மூடினான். "சத்தம் போடாதீங்கக்கா. இப்பதான் தூங்கினா."

முதுகு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லத் தட்டிக்கொடுத்தான். கூட்டம் அவனைச் சுற்றி விலகி நின்றது. செய்தி கேட்டுத் தெருமுனையிலிருந்து மனைவி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"தல பத்திரம்," என்று சொல்லி, அவன் அதை அவள் கையில் வைத்தான்.