தாவ்ரோன் கடித்து வைத்த ரொட்டி

அடுப்பு எரிந்தே பல வருடமான நார்மாத்தவ் வீட்டின் சாப்பாட்டு அறையில் சூடான ரொட்டி வாசனை அடித்தது. நினைவு இல்லமாக்கியபோது தரைக்கு மெழுகும் திரைகளுக்குப் பூச்சி மருந்தும் போட்டு, நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்த நெடியையெல்லாம் மீறி, தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி வாசனை வந்தது. மவ்லூதா வாசனை வந்த பக்கம் திரும்பினாள்.

மாவட்டத்தையே ஆட்டிப்படைத்த நார்மாத்தவின் படத்துக்குக் கீழே ஆணியில் அந்த ரொட்டி தொங்கியது. அவள் தம்பி தாவ்ரோனின் ரொட்டி. பருத்திக் கணக்கு பொய் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னதற்காக நார்மாத்தவின் ஆட்கள் அவனைப் பிடித்துப் போன அன்று, அம்மா வாசலில் நீட்ட, ஒரே ஒரு வாய் கடித்துவிட்டு வண்டியில் ஏறினான். ஊர் வழக்கப்படி மிச்சத்தை அவன்தான் திரும்பி வந்து தின்ன வேண்டும். வேறு வாய் படக்கூடாது. அவன் வரவேயில்லை; அம்மா நாற்பது வருடம் அதைச் சமையலறைச் சுவரில் காத்தாள். போன மாதம் அவளை அடக்கம் செய்த சந்தடியில் யாரோ கழற்றி வந்து நார்மாத்தவ் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். என்ன நெஞ்சழுத்தம்!

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

காவலுக்கு இருந்த ஸுல்ஹூமோர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். "கோவப்படாதீங்கக்கா. பெரியவர் நார்மாத்தவ் கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கடிச்சு வெச்ச ரொட்டி எலிக்குப் போயிடுச்சு. நாளைக்கு அவரோட நூறாவது பிறந்தநாளு, தாஷ்கண்டுலேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. உங்க வீட்டுல சும்மாதானே தொங்குச்சு?"

"சும்மாவா? எங்கம்மா அதைப் பாத்துப் பாத்தே செத்தா. எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். தடுத்துப் பாரு."

"இப்ப எப்படிக்கா கழட்டுறது? அவர் பேரைச் சொல்லியில்ல மாட்டினோம். வந்து சாப்பிடுங்கன்னு." அவள் குரல் தேய்ந்தது. "அதுலேருந்து நான் உள்ளே போறதில்லை."

மவ்லூதா கயிற்றைத் தாண்டினாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டி, மாலை வெளிச்சம் சுவரிலிருந்து மெல்ல வடிந்துகொண்டிருந்தது. எங்கோ நாற்காலி முனகியது. கிட்டே போய்ப் பார்த்தாள்.

தாவ்ரோன் கடித்தது ஒரு வாய்தான். இப்போது பாதி ரொட்டி இல்லை. கடித்த ஓரத்தில் ஈரம்.

பயம் வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்க பையனைத் தின்னே. அதுவும் போதலையா உனக்கு?"

ஆணியிலிருந்து கழற்றி இழுத்தாள். வரவில்லை. மறுமுனை காற்றில் நின்றது. யாரும் இல்லை. ஆனால் அங்கே பற்கள் பதிந்தன. நிதானமாக. மெல்லும் சத்தம்.

"அக்கா, விட்டுடுங்க."

"விடமாட்டேன். இது அவனுக்கு."

இன்னொரு வாய். இன்னொன்று. சூடான மூச்சு விரல்களில் பட்டது. அவள் விடவில்லை.

ரொட்டி தீர்ந்தது. அவள் விரல்கள் மட்டும் அங்கே இருந்தன.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை.