வெட்டுப்பட்ட பேர்

முதற்கூடை சுமந்தவர்களின் பதிவேட்டில், 1931ஆம் ஆண்டுக்கு எதிரே றோசாலி என்ற பெயரை யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டிய கோட்டில் மை இன்னும் காயவில்லை.

ஜெசிந்தினி தொட்டுப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது. பசறைக்கு மேலே, தோட்டத்துச் சர்ச்சின் பின்னறையில், மாலை நான்கு மணிக்கே மூடுபனி சன்னலை அடைத்துவிட்டது. ஊறிய சுவரின் வாடையும், நாளைய அறுப்பின் பண்டிகைக்கு லயத்து வரிசைவீடுகளிலிருந்து சனங்கள் கொண்டுவந்து குவித்த பூசணி, லீக்ஸ், வாழைக்குலைகளின் வாசமும் கலந்து தொண்டையில் நின்றன. நூறாவது பண்டிகை. விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலை அவளுக்கு. தேயிலைக் கொழுந்து நிறைந்த முதற்கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்துபோய்ப் பீடத்தில் வைக்கும் பெருமை றொஷேலுக்கு.

பெரிய கங்காணியின் பேத்தி. பதுளையில் வளர்ந்தவள். போட்டோவுக்காகத்தான் தேயிலைச் செடியைத் தொட்டிருப்பாள். ஜெசிந்தினியின் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தும் ஒருமுறைகூட அந்தக் கூடை கிடைக்கவில்லை. மகள் லயத்தின் முதல் பட்டதாரியான பிறகும் கிடைக்கவில்லை.

சுவருக்கு அப்பால் றொஷேல் நாளைய பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். அதுதான் எரிந்தது.

"மாமா, யாரு இத இப்ப வெட்டுனது? ஈரமா இருக்கு."

வாசலில் சாவிக்கொத்துடன் நின்ற, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் மத்தேயு சிரித்தார். "இங்க எதுதான் புள்ள காஞ்சிருக்கு?"

"ஒன்பது பேர வெட்டி வேற பேர் எழுதியிருக்கே."

"காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கறப்ப பேர் வெட்டுனா வேல இல்லல்ல? அதே மாதிரிதான். அடுத்தவ பேர வெட்டிட்டுத் தன் பேர போட்டுக்கிட்டாளுக. பொறாம புடிச்ச கழுதைங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வெட்டுனவதான் சொமக்கணும். ஏன், ஒனக்கும் கை அரிக்குதா?"

பதிலுக்கு நிற்காமல் பூ வாங்கப் போய்விட்டார்.

கை அரித்தது.

கடைசி வரியில் றொஷேலின் பெயர். இவ்வளவு படித்தும் இப்படியா என்று ஒரு கணம் வெட்கம் வந்தது. சுவருக்கு அப்பால் அந்தக் குரல் மேலே ஏறி இனித்தது. வெட்கம் போய்விட்டது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அழுத்தி, ஒரே கோடு. கீழே தன் பெயர்.

பாட்டு நடுவில் நின்றது.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தாள். காத்திருந்தாள். அடுத்த அடி வரவில்லை.

"றொஷேல்?"

கதவைத் திறந்தாள். பீடத்தின் முன்னால் ஒரு சோடிச் செருப்பு. நாளைக்காக முதற்கூடையை வைத்திருந்த இடம் வெறுமை.

எங்கோ பிரம்பு முறுகியது. இப்போதெல்லாம் மலையில் கொழுந்து பறிக்கச் சாக்குத்தான். பண்டிகைக்கு மட்டுமே பிரம்புக்கூடை. அதுவும் ஒன்றே ஒன்று. ஆனால் வாசல் பக்கம், மூடுபனிக்குள், பல கூடைகள் முறுகின. வெறுங்கால்கள் ஈரத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

ஒன்பது பெண்கள். வரிசையாக. குனிந்த தலைகள். கயிறு அறுத்த நெற்றிப் புண்கள் இன்னும் காயவில்லை.

கூடைகளில் கொழுந்து இல்லை. விளிம்புக்கு மேலே தலைமுடி தெரிந்தது.

கடைசிப் பெண் நகர்ந்தாள். ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.

ஓடு. கால் எழவில்லை. நெற்றியில் கயிறு விழுந்தது. இறுகியது. முதுகில் பாரம். சூடான பாரம். கழுத்து மடங்கியது.

பிடரியை ஒட்டி, கூடைக்குள்ளிருந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.