கையில் வாடை

ஆந்திரம் தனி மாநிலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புத்தூருக்கு அப்பால் இருந்த ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு, அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள் தாட்சாயணி. நகரிப் பக்கத்துக்காரி. கல்யாணமான வருஷமே கணவனைப் பறிகொடுத்து, அப்புறம் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். முன்பிருந்த நர்சுகள் மதராஸ் பக்கம் மாற்றல் கேட்டுப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த நர்ஸ் வீட்டு வரிசையில் அவள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

பிரசவ வார்டு பின்கட்டில். பகலிலும் இருட்டு. ஈரச்சுவரும் டிஞ்சரும் பழைய ரத்தமும் கலந்த ஒரு நாற்றம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். இரண்டொரு நாளில் தாய்க்குக் காய்ச்சல் காணும். ஜன்னியில் பிதற்றிப் பிதற்றிப் போய்ச் சேருவாள்.

டாக்டர் ரங்கையா தங்கமான மனிதர். ஆனால் சீழ்க்கட்டி கீறிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நேரே பிரசவத்துக்கு வருவார். கேட்டால் சிரிப்பார்.

"அழுக்கே தெரியலையே அம்மா, ஏமி கழுவறது?"

"கிணறு அந்தக் கோடியில இருக்குது. யாரு தண்ணி தூக்கினு வர்றது?" என்பாள் வார்டு ஆயா செல்லியம்மா.

படித்ததெல்லாம் தாட்சாயணிக்கு நினைவிருந்தது. ஆனாலும் வேலை நெருக்கத்தில் அவளும் துண்டில் துடைக்கப் பழகிவிட்டாள்.

மழை விடாத ஓர் அந்தியில், ஜன்னி கண்ட ஒருத்திக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டிலில் சந்திரம்மா என்ற பெண்ணுக்கு வலி முற்றியது. தாட்சாயணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சந்திரம்மா அவள் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அந்தம்மா யாரு?"

"எந்தம்மா?"

"உங்க பின்னாடி நின்னுக்கினு இருக்குதே. உங்க கையில வாடை அடிக்குதாம். சொல்லச் சொல்லுது."

திரும்பினாள். யாருமில்லை.

வாசலில் லாந்தரோடு வந்த செல்லியம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

தாட்சாயணி மறுபடி கையை நீட்டினாள்.

ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

சில்லென்று, நனைந்த விரல்கள். நெரிக்கவில்லை. இழுக்கவில்லை. விடவும் இல்லை.

"தொடாதீங்கம்மா," செல்லியம்மா கிசுகிசுத்தாள். "அது ரத்தினம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடி இதே கட்டில்ல செத்துப்போச்சு. சாவறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு கெடந்துச்சு, கையில வாடை அடிக்குதும்மான்னு. யாரும் காதுல போட்டுக்கல."



"கழுவிக்கினு வந்துடறேன்," என்றாள் தாட்சாயணி, வெறும் காற்றிடம்.

பிடி தளர்ந்தது.

மழையில் கிணற்றடிக்கு ஓடி, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். திரும்பி வந்தபோது எதுவும் தடுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. சந்திரம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை. ஜன்னி கண்டவள் விடிவதற்குள் இறந்துபோனாள்.

மறுநாளிலிருந்து வார்டு வாசலில் அண்டா நிறையத் தண்ணீரும் சோப்பும் இருந்தன. தாட்சாயணியே சுமந்தாள். சொம்போடு வழியில் நின்றாள். டாக்டர் மட்டும் சிரித்தபடி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

போன வேகத்தில் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமில்லை. மணிக்கட்டிலிருந்து ஈரம் சொட்டியது. இரண்டு கைகளையும் அவள்முன் நீட்டினார்.

"நீள்ளு போயம்மா," என்றார்.

அவள் தண்ணீர் ஊற்றினாள். அதன்பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் சாவும் நின்றது.

அந்த விரல்களும் வரவில்லை. பூட்டிய வீடுகளுக்கு நடுவே மழைச் சத்தம் கேட்டபடி படுத்திருக்கையில், தாட்சாயணி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்வாள். அதற்கு முன்னால் அவளை யாரும் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மதராஸோடு இருந்த எல்லைத் தகராறு தீர்ந்த வருஷம் அவளைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரி, வெள்ளைச் சுவர், வரிசையாகக் குழாய்கள். முதல்நாள் காலை தனியாக நின்று கை கழுவினாள்.

ஆளில்லாத அடுத்த குழாய் திறந்துகொண்டது.

விழுந்த தண்ணீர் நேரே விழவில்லை. பாதியில் எதன்மேலோ பட்டுச் சிதறி, பத்து இழைகளாகப் பிரிந்து வழிந்தது.